சைபருக்குக் கீழே ஒரு மலேயாக்காரன்

இந்தியாவுக்குப் போகிறவர்கள் கோயில் பார்க்கப் போவார்கள், பெண் பார்க்கப் போவார்கள், பாகச் சொத்து கேட்கப் போவார்கள். நான் ஒரு தாளை விளக்குவதற்காகப் போனேன்.

பினாங்கில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விளையாட்டுச் சாமான் அறை என் பொறுப்பு. பந்துக்குக் காற்றடிப்பேன், மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவேன், ஓட்டப் பந்தயத்தில் கடிகாரம் பிடிப்பேன். படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு சரி. நாலு பேர் நடுவில் பேசு என்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட ஆளைத்தான் எங்கள் விரிவுரையாளர் ராஜமாணிக்கம் சார் தேர்ந்தெடுத்து அனுப்பினார். பரீட்சைக் காலம், அவரால் நகர முடியவில்லை.

சாரின் அப்பா ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கப்பலேறியவர். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன், இன்னும் எனக்கு அங்கே சாப்பாடு கிடைக்க வேண்டும். அந்த ஊர் இளைஞர்கள் கபடி நன்றாக ஆடுகிறார்கள் என்று சாருக்குக் கேள்வி. பத்துப் பேரை வரவழைத்து இங்குள்ள தோட்டக் குழுக்களோடு ஆட வைக்க ஒரு சங்கத்தைப் பிடித்து ஏற்பாடு செய்துவிட்டார். ஒரே நிபந்தனைதான் போட்டார். ஊரில் வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டு உண்டு. இரண்டும் கலந்த குழுவாக வந்தால் பயணம் உண்டு. ஒரு தெரு மட்டும் வருவதாக இருந்தால் யாருமே வர வேண்டாம்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் தங்கராசு, ஆட்டக்காரர்களை ஓடவிட்டு, தாண்டவிட்டு, கல் எறியவிட்டு அளந்து அனுப்பியிருந்தார். சார் அதையெல்லாம் வேறு எண்களாக மாற்றி ஒரு தாளில் எழுதினார். அதை எனக்கு விளக்கினார்.

“ஓட்டம் நொடியில இருக்கு. தாண்டுறது அடியில இருக்கு. நொடியையும் அடியையும் கூட்ட முடியுமா? முடியாது. அதனால அந்தக் கூட்டத்தோட நடுவைக் கண்டுபிடி. நடுதான் சைபர். அதுக்கு மேல இருக்கிறவன் பிளஸ், கீழே இருக்கிறவன் மைனஸ். எவ்வளவு மேலே, எவ்வளவு கீழேங்கிறதை அந்தக் கூட்டம் எவ்வளவு சிதறியிருக்கோ அந்த அளவால வகுத்துடு. அப்புறம் எல்லாத்தையும் எல்லாத்தோடயும் ஒப்பிடலாம்.”

“தபால்ல அனுப்பிடலாமே சார்” என்றேன்.

“தபால்ல போனா மடிச்சு அலமாரியில வெச்சிடுவார். பயிற்சி கொடுக்கிறவருக்குப் புரியாத எண் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். நேர்ல போய்ச் சொல்லு. பத்துப் பேர் பெயரோட வா.”

கப்பலில் பாதி நாள் இந்தப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் அதிராம்பட்டினத்து வியாபாரி, பாய் என்றே கூப்பிட்டேன். நான் ஏதோ ஜபம் செய்வதாக நினைத்து முதல் இரண்டு நாள் மரியாதையாக ஒதுங்கியிருந்தார். பிறகு என் பையிலிருந்த அளவு டேப்பைப் பார்த்துவிட்டார். டிரில் வாத்தியாருக்கு சார் கொடுத்தனுப்பிய பரிசு அது. தோல் உறைக்குள் சுருண்டிருக்கும், சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும்.

“இதைக் கையில வெச்சுக்கிட்டா தஞ்சாவூர் ஜில்லாவுக்குள்ள போறீங்க?” என்றார் பாய்.

“ஏன் பாய்?”

“நிலத்துக்கு உச்சவரம்புன்னு சட்டம் போட்டிருக்கு. இவ்வளவுக்கு மேல யாரும் வெச்சுக்கக் கூடாது, மிச்சமெல்லாம் உபரி, சர்க்கார் எடுத்து இல்லாதவங்களுக்குக் கொடுக்கும். ஒரு பக்கம் கொடியோட நிக்கிறாங்க, ஒரு பக்கம் பத்திரத்தோட நிக்கிறாங்க. நடுவுல நீங்க டேப்போட போறீங்க. பெட்டிக்கு அடியில போடுங்க.”

பெட்டிக்கு அடியில் போட்டால் பெட்டி மூடவில்லை. ஆகவே தோளில் மாட்டிக்கொண்டே நாகப்பட்டினத்தில் இறங்கினேன்.

தஞ்சாவூர் பஸ் எது என்று கேட்க இரண்டு தடவை வாயைத் திறந்தேன். மூன்றாவது தடவை திறப்பதற்குள் ஒரு நல்ல மனிதர் என் பெட்டியைத் தூக்கி ஒரு பஸ்ஸின் தலையில் போட்டுவிட்டார். பெட்டி போன பிறகு நான் போகாமல் இருக்க முடியுமா? வெகுதூரம் போன பிறகு, “இது தஞ்சாவூர்தானே போகுது?” என்று கண்டக்டரைக் கேட்டேன்.

“கும்பகோணம் போகுது.”

“நான் தஞ்சாவூர் போகணும்.”

“நீங்க ஏறினப்பவே தஞ்சாவூர் ஜில்லாலதாங்க இருந்தீங்க. இப்பவும் அதுலதான் இருக்கீங்க. கவலைப்படாதீங்க” என்று ஆறுதல் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

எங்கள் பக்கம் பஸ்ஸில் ஏறினால் இரண்டு புறமும் ரப்பர் மரம்தான், தூங்கிவிடலாம். இங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாலம் வருகிறது. ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் ஆறு இருக்கிறது, ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. பங்குனி மாதம், பாதி ஆற்றில் மணல்தான். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்குச் சுவர் உதயசூரியனும் கறுப்புச் சிவப்பும் பார்த்துப் பார்த்து, கும்பகோணம் வருவதற்குள் அந்தக் கட்சிக்கு நானே ஓட்டுப் போட்டுவிட்டது போல் இருந்தது.

கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா என்று ஒன்றை ஊற்றினார்கள். பாசிப் பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு வாசனையுமாக, சாம்பாருக்கும் குருமாவுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. இரண்டாவது கரண்டி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்திருந்தவர், “ஐயாவுக்கு இன்னும் கடப்பா போடு, காப்பி கொண்டா” என்று சத்தம் போட்டார். அவர் கண் என் தோளில் தொங்கிய டேப்பின் மேலேயே இருந்தது.

“நம்ம பக்கம் எப்ப வர்றீங்க?” என்று குனிந்து கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத கேள்விக்குச் சிரிப்பது என் வழக்கம். சிரித்தேன்.

“ஆத்தோரம் கொஞ்சம் இருக்கு. தம்பி பேருக்கு மாத்திட்டேன். நீங்க கொஞ்சம் பார்த்துப் பண்ணணும்.”

“சரிங்க” என்றேன். வேறென்ன சொல்வது? அந்த மனிதருக்கு நான் என்ன வாக்குக் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று அங்கேயே தங்கி, மறுநாள் தஞ்சாவூர் வழியாக ஒரத்தநாடு போனேன். என் மடியில் ஒரு பெண்மணி தன் ஆட்டுக்குட்டியை, “செத்த வெச்சுக்கங்க” என்று வைத்தார், ஒரத்தநாட்டில்தான் திரும்ப வாங்கிக்கொண்டார். அங்கிருந்து புது ஆறு என்கிற கால்வாயின் கரையோடு மாட்டு வண்டி.

ஊருக்குள் வண்டி நுழைந்ததும் வடக்குத் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. தெற்குத் தெருவிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்த பெண்மணிக்கு என் வயது இருக்கும். இடுப்பில் உளுந்துச் செடி உரசிய பச்சைக் கறை, குரல் மட்டும் ஒலிபெருக்கி. அவர்தான் வீரம்மாள், விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தலைவி.

“வந்துட்டீங்களா! முதல்ல பெரிய வீட்டுக் களத்துலேந்து அளங்க. அங்கதான் ஒளிச்சு வெச்சிருக்காங்க!”

அதற்குள் வடக்குத் தெருவிலிருந்து வெள்ளை வேட்டியும் குடையுமாக ஒருவர் இளநீரோடு வந்தார். பெரிய வீட்டு மிராசுதாரின் காரியக்காரர், கோவிந்தசாமி. “ஐயா ஊர்ல இல்லீங்க. முதல்ல இளநி சாப்பிடுங்க, அப்புறம் எல்லாம் பேசிக்கலாம்” என்றார். ஊரில் இல்லாத ஐயா உள்ளே நெல் பத்தாயத்துக்குப் பின்னாலிருந்து இருமுவது தெருவரைக்கும் கேட்டது.

டிரில் வாத்தியார் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்து காப்பாற்றினார். “ஏங்க, இவரு ஆபீசர் இல்லீங்க! மலேயாவுலேந்து கபடிக்கு வந்திருக்காரு!”

வீரம்மாள் முகம் தொங்கிப் போயிற்று. காரியக்காரர் என் கையிலிருந்த இளநீரை ஒரு கணம் பார்த்தார், திருப்பிக் கேட்கவில்லை.

தங்கராசு மாஸ்டர் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், எந்தத் தெருவையும் சேராதவர். பள்ளிக்கூடத்திலேயே தங்கியிருந்தார், என்னையும் அங்கேயே தங்க வைத்தார். கூலித் தகராறு, நிலத் தகராறு என்று வந்த பிறகு இரண்டு தெரு ஆட்களும் ஒரே மைதானத்தில் நிற்பதே இல்லை. மாஸ்டர் காலையில் ஒரு தெருவுக்கும் மாலையில் இன்னொரு தெருவுக்கும் பயிற்சி கொடுத்தார்.

“அதுக்கு முன்னாடி மட்டும் சேர்ந்து ஆடினாங்களா மாஸ்டர்?” என்று கேட்டேன்.

“இல்லண்ணே. கபடி பாருங்க, தொடாம ஆட முடியாது” என்றார் அவர். விசிலை வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு, “ஒரே கோட்டுக்குள்ள இவங்க நிக்கிறதை நான் ஒரு தடவை பார்க்கணும். அதுக்குத்தான் உங்க சாருக்குப் பதில் எழுதினேன்” என்றார்.

சாப்பாட்டில் முதல் சிக்கல் வந்தது. வடக்குத் தெருவில் சாப்பிட்டால் தெற்குத் தெரு கோபிக்கும், தெற்கில் சாப்பிட்டால் வடக்கு. ஆகவே ஒவ்வொரு வேளையும் இரண்டு இடத்திலும் சாப்பிடுவது என்று முடிவாயிற்று. வடக்கில் இலை போட்டு அரைத்துவிட்ட சாம்பார், தெற்கில் விரால் குழம்பு. எந்த இடத்தில் இரண்டாம் சோறு வாங்கினேன் என்பது நான் கை கழுவுவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அங்கே அதற்குக் குறையாமல் வாங்க வேண்டும். பினாங்கில் மதியத்துக்கு ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டு மிச்ச வேலையைப் பார்க்கிறவன் நான். மூன்றாம் நாள் என் இடுப்பு வாரில் மாஸ்டர் ஆணியால் புது ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

தாளை மாஸ்டருக்குத் தனியாக விளக்கிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். முடியாது என்றார் அவர். அந்த ஊரில் திருவிழா முடிந்தால் வரவு செலவை எல்லோர் முன்னாலும் நின்று உரக்க வாசிக்க வேண்டும். வாசிக்காத எதையும் ஊர் ஒப்புக்கொள்ளாது. கபடித் தாளும் அப்படித்தான். பள்ளிக்கூட வாசலில் இரண்டு தெருவும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். நான் நடுவில் நின்றேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

“நொடி... அடி...” என்றேன்.

“நொடியையும் அடியையும் கூட்ட முடியாது, அதானே?” என்றார் காரியக்காரர். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “அட, இது நம்ம தர ஏக்கர் மாதிரிப்பா! நஞ்சையையும் புஞ்சையையும் அப்படியே கூட்ட முடியுமா? நல்ல நஞ்சை ஒரு ஏக்கரும், ஒண்ணும் விளையாத புஞ்சை மூணு நாலு ஏக்கரும் ஒண்ணுன்னு வெச்சு, எல்லாத்தையும் ஒரே தர ஏக்கரா மாத்தித்தானே உச்சவரம்புக் கணக்குப் போடறான்? அதே வேலையை இவங்க சார் பசங்க காலுக்குப் பண்ணியிருக்காரு.”

“ஓ” என்றது கூட்டம். ஒரு விநாடியில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சார் எனக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்த பாடம். எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. வேலை முடிந்தது என்று உட்கார்ந்தேன்.

மாஸ்டர் பெயர் பெயராக வாசித்தார். பிளஸ், மைனஸ், மைனஸ், பிளஸ். வாசித்து முடித்ததும் வழக்கப்படி பின்வரிசையிலிருந்து ஒருவர், “கூட்டுத்தொகை?” என்று கேட்டார்.

காரியக்காரர் மனக்கணக்காகவே கூட்டினார். உதடு நின்றது. மறுபடி முதலிலிருந்து கூட்டினார்.

“சைபர்” என்றார்.

“என்னது?”

“மொத்த ஊரும் சேர்ந்து சைபர்.”

“இத்தனை பேரும் வெயில்ல ஓடினதுக்குச் சைபரா?” என்று கத்தினார் வீரம்மாள். “ஒரு கழுதை ஓடியிருந்தாக்கூட ஏதாச்சும் வந்திருக்குமே!”

நடுவிலிருந்து அளந்தால் எந்தக் கூட்டத்துக்கும் கூட்டு சைபர்தான் வரும் என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் எழுந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் காரியக்காரர் தெரு வாரியாகக் கூட்ட ஆரம்பித்திருந்தார். தெற்குத் தெரு நிறையப் பிளஸ். வடக்குத் தெரு அதே அளவு மைனஸ், ஒரு புள்ளி கூடவில்லை, குறையவில்லை.

வடக்குப் பக்கம் இறுகிப் போயிற்று. தெற்குப் பக்கம் யாரோ விசிலடித்தார்கள்.

“இதுல ஏதோ சூது இருக்கு” என்றார் காரியக்காரர். “எங்ககிட்ட குறையறது அப்படியே உங்ககிட்ட கூடுதுன்னா என்ன அர்த்தம்? எங்ககிட்டேந்து எடுத்துத்தானே உங்ககிட்ட சேர்ந்திருக்கு?”

“இதைத்தான் நாங்க இத்தனை வருஷமா நெல்லு விஷயத்துல சொல்றோம்!” என்றார் வீரம்மாள்.

“நெல்லு வேற, கபடி வேற. இது உபரி. உபரின்னா பிரிச்சுக் கொடுக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு பிளஸ்ஸுக்கு மேல எதுக்கு? உச்சவரம்பு வைங்க!”

“அது அவனவன் காலால சம்பாதிச்சது, காரியக்காரரே! அதுல கை வைக்க நீங்க யாரு?”

சொல்லிவிட்டு வீரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வசனம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது போலிருக்கிறது. வடக்குத் தெருவிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

தெற்குத் தெரு ஆட்டக்காரர்களில் முதலிடத்தில் இருந்தவன் முருகையன். அவன் எழுந்து, “நான் வேணா மிச்சத்தை எங்க சித்தப்பா மவன் பேர்ல எழுதி வெச்சிடறேன்” என்றான்.

“அதெல்லாம் செல்லாது தம்பி” என்றார் காரியக்காரர். “முன்தேதி போட்டு எழுதினாலும் கண்டுபிடிச்சிடுவோம்.”

“எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?”

“நாங்க எழுதாததா?”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. காரியக்காரரும் கூடச் சிரித்துவிட்டார். ஆனால் எழுந்து போகும்போது சிரிக்கவில்லை. புள்ளிப்படி முதல் பத்துப் பேரில் வடக்குத் தெருவுக்கு மூன்று இடம் வந்திருந்தது. அந்த மூன்று பேரும் மைனஸ் தெரு என்ற பெயரோடு கப்பலேற மாட்டார்கள், தகப்பன்மார் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்று பேர் இல்லையென்றால் கலந்த குழு இல்லை. கலந்த குழு இல்லையென்றால் முருகையனும் இல்லை, யாரும் இல்லை. மாஸ்டர் பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்து விசிலின் கயிற்றை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“புரியாம இருந்திருந்தாக்கூட நல்லாயிருந்திருக்கும்ணே” என்றார்.

மறுநாள் முழுக்கச் சமாதானப் பேச்சு. காரியக்காரர் பிளஸ்ஸில் பாதியைக் குத்தகைக்காவது விடுங்கள் என்று இறங்கி வந்தார். வீரம்மாள், சாகுபடி செய்யத் தெரியாதவர்களுக்குக் குத்தகை எதற்கு என்று கேட்டார். நான் இரண்டு தெருவிலும் பேசாமல் சாப்பிட்டேன். அடுத்த நாள் எனக்குத் திரும்பும் பயணத்துக்கு ஒரே ஒரு நாள் பாக்கி இருக்க, கடைசித் தடவையாகப் பள்ளிக்கூட வாசலில் கூடினார்கள்.

“மலேயாக்காரரே, நீங்களாவது சொல்லுங்க” என்றார் காரியக்காரர். “ஒரே பையன், அதே ஓட்டம். அவனுக்கு வேற புள்ளி வரவே வராதா?”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் எழுந்தேன்.

“வரும்” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. “கூட்டத்துல ஆள் மாறினா நடு மாறும். நடு மாறினா எல்லாருக்கும் மாறும்.”

வீரம்மாள் கண்ணைச் சுருக்கினார். “மெதுவா ஓடற ஆளைக் கூட்டத்துல சேர்த்தா?”

“நடு கீழே இறங்கும். மத்தவங்க எல்லாரும் மேலே வந்துடுவாங்க.”

எல்லோரும் ஒரே சிந்தனையில் இருந்தார்கள்.

“அப்ப வீரம்மா ஓடட்டும்” என்றார் காரியக்காரர்.

“அந்த மைனஸ் எங்க தெருக் கணக்குல விழவா? நீங்க ஓடுங்க!”

“எங்க தெருவுக்கு ஏற்கெனவே இருக்கிறது போதாதா?”

“ரெண்டு பேரும் ஓடுங்க” என்றார் மாஸ்டர். “ஆனா பாரத்தை வாங்கிக்க எந்தத் தெருவும் இல்லாத ஆள் ஒண்ணு வேணும்.”

அவர் முடிப்பதற்கு முன்பே கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரு திசையில் பார்த்தது அதுதான் முதல் தடவையாம், மாஸ்டர் பிறகு சொன்னார்.

நான் வாழ்நாள் முழுவதும் கடிகாரம் பிடித்தவன். கடிகாரத்துக்கு முன்னால் ஓடியதில்லை. அதுவும் இரண்டு தெருச் சாப்பாட்டோடு. என் கால்சட்டை இடுப்பில் மூட மறுத்ததால் மாஸ்டரின் வேட்டியைக் கட்டிக்கொண்டேன். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி போய்த் திரும்ப வேண்டும். அந்த ஓட்டத்தில் ஆட்டக்காரர்கள் எடுத்த நேரம் மாஸ்டரிடம் இருந்தது. ஓட்டம் ஒன்றை மட்டும் பார்ப்பது, சிதறலால் வகுப்பதைச் சார் பிறகு பார்த்துக்கொள்வார், வகுத்தாலும் பிளஸ் பிளஸ்ஸாகவும் மைனஸ் மைனஸாகவும்தான் இருக்கும் என்று மாஸ்டர் அறிவித்தார்.

காரியக்காரர் குடையை விரித்துக்கொண்டே ஓடினார். வீரம்மாள் நாற்று நடப் போவதுபோல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நன்றாகத்தான் கிளம்பினார். பாதி வழியில் யாரோ கேலி செய்ய, நின்று பதில் சொல்லிவிட்டு மறுபடி ஓடினார். காரியக்காரரை முந்திவிட்டார். தெற்குத் தெரு கைதட்டியது.

என் முறை வந்தது. விசில் ஊதியதும், மானம் என்று ஒன்று இருக்கிறதே, நான் வேகமாகத்தான் புறப்பட்டேன்.

“மெதுவா! மெதுவா!” என்று கத்தினார்கள்.

“கெடுத்துடாதீங்க, நில்லுங்க!” இது காரியக்காரர்.

“மூச்சு வாங்கிக்கங்க அண்ணே! அவசரமே இல்ல!” இது வீரம்மாள்.

இரண்டு தெருவும் ஒரே குரலில் “மெதுவா!” என்று ஊரே அதிரக் கத்தியது. உலகத்தில் வேறு எந்த ஓட்டக்காரனுக்கும் அப்படி ஓர் உற்சாகம் கிடைத்திருக்காது. அவர்கள் கவலைப்பட்டிருக்கவே வேண்டாம். அந்தக் கோடியைத் தொடுவதற்குள் விலா பிடித்துக்கொண்டது. திரும்பும்போது வேட்டி அவிழ்ந்தது. கட்டுவதற்காக நின்றேன். கட்டி முடித்து நிமிர்ந்தபோது எதிரே ஒரு கன்றுக்குட்டி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு வழி விட்டேன். கடைசிப் பகுதியை நடந்துதான் வந்தேன். கோட்டைத் தாண்டியதும் முருகையனும் வடக்குத் தெருப் பையன் ஒருவனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னைத் தாங்கி உட்கார வைத்தார்கள்.

காரியக்காரர் கரும்பலகையில் கணக்குப் போட்டார். சுண்ணாம்புக்கட்டி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. நடு எங்கேயோ கீழே போய்விட்டது. ஆட்டக்காரர்களில் ஒருவன் பாக்கியில்லாமல் எல்லோரும் பிளஸ். காரியக்காரரும் வீரம்மாளும் மைனஸ்தான், ஆனால் அவரவர் தெருவின் பிளஸ் அதை விழுங்கிவிட்டது.

அவர் திரும்பி நின்று திருவிழாக் கணக்கு வாசிக்கிற குரலில் வாசித்தார்.

“வடக்குத் தெரு, பிளஸ். தெற்குத் தெரு, பிளஸ். மலேயா, மைனஸ்.”

“கூட்டுத்தொகை?” என்றார் பின்வரிசைக்காரர்.

“சைபர். கணக்குச் சரியாயிருக்கு.”

கைதட்டினார்கள். காரியக்காரர் அப்போதும் தாளை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். “பத்துல அதே ஏழும் மூணும்தான் வருது” என்றார்.

“அதுக்கு என்ன இப்ப?” என்று வீரம்மாள் இடுப்பில் கை வைத்தார்.

“ஒண்ணுமில்ல. எங்க மூணு பேரும் மைனஸ் தெரு இல்ல. அது போதும்.” பெரிய வீட்டிலிருந்து ஓர் இருமல் கேட்டது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். தகப்பன்மார் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கிளம்புகிற அன்று காலை, வண்டி வருவதற்கு முன் பத்துப் பேரையும் மாஸ்டர் மைதானத்தில் இறக்கினார். ஐந்து ஐந்தாக, தெரு பார்க்காமல் பிரித்தார். நான் காலை நீட்டி ஒரு கோணியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முட்டியிலும் வீரம்மாள் தடவிவிட்ட விளக்கெண்ணெய். ஆட்டக்காரர்கள் கோட்டுக்குள் நின்றார்கள், ஆனால் ஒருவருக்கொருவர் ஒரு முழம் தள்ளியே நின்றார்கள். வடக்குத் தெருப் பையன் ஒருவன் பாடிக்கொண்டு உள்ளே போனான், சுற்றி வந்தான், யாரும் அவனைப் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை போனான், அப்போதும் யாரும் பிடிக்கவில்லை. மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார், ஊதவில்லை. மூன்றாம் தடவை முருகையன் விழுந்து அவன் கணுக்காலைப் பிடித்தான். இரண்டு பேரும் புழுதியில் உருண்டார்கள்.

“விடாதடா! பிடி, பிடி!” என்று ஒரு குரல் கத்தியது. காரியக்காரர். யாரை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதை அவர் மறந்துபோயிருந்தார். நினைவு வந்ததும் குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். மாஸ்டர் அப்போதுதான் விசிலை ஊதினார், அதுவும் ஒழுங்காக வரவில்லை.

வண்டியில் என்னைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. பத்துப் பெயர் எழுதிய தாளைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். காரியக்காரர் ஒரு பக்கமும் வீரம்மாள் மறுபக்கமும் வந்து நின்றார்கள். ஏதோ கேட்க வேண்டும், யார் கேட்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பக்கத்து ஊர்லேந்து ஆள் அனுப்பியிருக்காங்க” என்றார் வீரம்மாள் கடைசியில். “அங்கேயும் ரெண்டு தெரு இருக்கு. அதுக்கு அடுத்த ஊர்லயும் இருக்கு. நீங்க ரெண்டு நாள் இருந்து அங்கேயும் வந்து ஓடினா நல்லாயிருக்கும்னு கேக்கறாங்க.”

நான் என் முட்டிகளைக் காட்டினேன்.

“ஓடக்கூட வேண்டாங்க” என்றார் காரியக்காரர். “நடந்தாலே போதும்.”